பழைய உருவமும் புதிய வாணிகமும்
(பிரித்தானியச் சந்தையிற் பழம்பாணிச் சிறு மோட்டார்ச் சைக்கிள்கள்)

பழையதென்று கழித்த பொருளைப் பின்னொரு காலத்தில் அரியதென்று தேடிச் செல்வது மனித இயல்பு. கட்டடத்திலும் அணிகலனிலும் ஆடையிலும் நெடுங்காலமாகக் காணப்படும் இவ்வியல்பு இன்று இயந்திரங்களையும் பற்றியுள்ளது. இற்றைக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் வீதிகளிற் சாதாரணமாக ஓடிய மோட்டார்ச் சைக்கிளின் தோற்றத்தைப் புத்தம் புதிய வண்டிகளுக்கு அளித்து விற்கும் வாணிகம் இதற்குத் தக்க சான்றாகும். வட்டமான முகப்பு விளக்கு, நீர்த்துளி வடிவான இரும்புப் பெற்றோல் தாங்கி, தட்டையான நீண்ட இருக்கை, கம்பி கோத்த சில்லுகள், காற்றினாற் குளிரும் வரிவரியான எஞ்சின் ஆகியவை இவ்வண்டிகளின் அடையாளங்கள். இவற்றை இக்கட்டுரையிற் பழம்பாணி வண்டிகள் என வழங்குவோம்.

பெரிய எஞ்சினும் பெரிய விலையும் உடைய பழம்பாணி வண்டிகள் வசதி படைத்தோரின் பொழுதுபோக்குக்கு உரியவை. நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டவை அவையல்ல. மாணவனும் தொழிலாளியும் வாங்கத்தக்க விலையில் வெளிநாடுகளிலிருந்து இறக்குமதியாகும் சிறு வண்டிகளே நமது பொருள். இவற்றை ஆராய்வதற்கு ஐக்கிய இராச்சியம் மிகப் பொருத்தமான களமாகும். ஒரு காலத்தில் உலகத்துக்கே மோட்டார்ச் சைக்கிள் விற்ற அந்நாடு இன்று தன் பழைய வண்டிகளின் தோற்றத்தையே ஆசிய நாடுகளிடமிருந்து விலை கொடுத்து வாங்குகின்றது. அவ்வாறு வாங்கும்போது அது பெறுவது எதனை? உருவத்தையா, பெயரையா, அன்றித் தொழிலையா? மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினும் மூன்றும் வேறு. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருமையும் வீழ்ச்சியும்

1950 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிற் பேர்மிங்காம் நகரத்து பி. எஸ். ஏ. நிறுவனம் உலகிலேயே மிகப் பெரிய மோட்டார்ச் சைக்கிள் உற்பத்தி நிறுவனமாக விளங்கிற்று. மெரிடனில் திரயம்ப், ரெடிச்சில் றோயல் என்பீல்ட், இலண்டனைச் சார்ந்த பிளம்ஸ்ரெட்டில் ஏ. ஜே. எஸ்., மச்லெஸ் என்பனவும் புகழோடு நிலவின. பெரிய வண்டிகள் மாத்திரமன்றிச் சிறு வண்டிகளும் அங்கே செய்யப்பட்டன. 1948 இல் வெளிவந்த பி. எஸ். ஏ. பான்டம் அவற்றுட் தலையாயது. 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அவ்வண்டி தபாற் சேவகரும் தொழிலாளரும் பயின்ற எளிய வாகனமாகி 1971 வரை உற்பத்தியாயிற்று.

இந்நிலையில் யப்பான் நாட்டு ஹொண்டா நிறுவனம் 1958 இல் சுப்பர் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. மறு ஆண்டிலே மான் தீவின் புகழ்பெற்ற ஓட்டப் போட்டியிற் கலந்துகொண்ட அந்நிறுவனம் 1961 இல் 125, 250 கன சென்ரிமீற்றர் ஆகிய இரு பிரிவுகளிலும் வெற்றி பெற்றது. பிரித்தானியத் தொழிலதிபர் பலர் இதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. சிறு வண்டியிற் பழகியவன் நாளடைவிற் பெரிய பிரித்தானிய வண்டியை வாங்க வருவான் என்ற நம்பிக்கை அவர்களிடையே நிலவிற்று. அந்நம்பிக்கை பொய்த்தது. சிறு வண்டியிற் பெற்ற ஊதியத்தையும் அனுபவத்தையும் கொண்டு யப்பானியர் பெரிய வண்டிகளையும் செய்யத் தலைப்பட்டனர். 1969 இல் நான்கு சிலிண்டர்களோடு வெளிவந்த ஹொண்டா சி. பி. 750 அதற்குச் சான்று. 1967 இல் ரெடிச்சுத் தொழிற்சாலை மூடப்பட்டது. 1973 இல் பி. எஸ். ஏ. வீழ்ந்து வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. 1983 இல் மெரிடனும் மூடப்பட்டது. திரயம்ப் பின்னர் ஹிங்லியிற் புத்துயிர் பெற்றதாயினும், மலிவான சிறு வண்டி செய்யும் தொழில் அந்நாட்டிற்கு மீளவில்லை.

சட்டம் வகுத்த சந்தை

தொழில் அழிந்தபோதும் சிறு வண்டியின் தேவை அழியவில்லை. அத்தேவையை வளர்த்தது சட்டமேயாகும். 1961 இல் பயிலுநர்கள் 250 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டலாகாது என்று விதிக்கப்பட்டது. 1983 இல் அவ்வெல்லை 125 ஆகக் குறைக்கப்பட்டது. 1990 முதல், வீதியில் இறங்குமுன் கட்டாய அடிப்படைப் பயிற்சி பெறல் வேண்டும் என்ற விதியும் வந்தது. பதினேழு வயது நிரம்பியவர் இப்பயிற்சியை முடித்துக்கொண்டு 125 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 11 கிலோவாற்று வலுவும் மேற்படாத வண்டியைப் பயிலுநர் அடையாளத்துடன் ஓட்டலாம். பயிற்சிச் சான்று இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அக்காலத்திற் பின்னால் ஆளை ஏற்றுதலும் பெருந்தெருக்களிற் செல்லுதலும் கூடா. அதனினும் பெரிய வண்டியை விரும்புவோர் வயதுக்கேற்ற தேர்வுகளில் ஒவ்வொன்றாகத் தேறல் வேண்டும்.

இச்சட்டத்தின் விளைவைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் நன்று. 11 கிலோவாற்று என்பது ஏறத்தாழப் பதினைந்து குதிரைவலுவாகும். இவ்வெல்லையை எந்த உற்பத்தியாளரும் மீற முடியாது. ஆகவே, எனது வண்டி மற்றவனுடையதிலும் விரைவானது என்று கூறி விற்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. வேகத்தாற் போட்டியிட இயலாதவிடத்து எஞ்சுவன இரண்டே: ஒன்று விலை, மற்றொன்று தோற்றம். பதினேழு வயது இளைஞன் பயிலுநர் என்ற அடையாளத்தைச் சுமந்து சிறு வண்டியிற் செல்ல நாணுகின்றான். அவ்வண்டி தன் பாட்டன் காலத்து அழகிய வண்டியை ஒத்திருக்குமாயின், அதன் சிறுமை குறையாகத் தோன்றாது பாணியாகத் தோன்றுகின்றது. பழம்பாணி வாணிகத்தின் உயிர்நாடி இதுவே. நகரத்துள் நாள்தோறும் வேலைக்குச் சென்று வருவோரும், பெரிய வண்டியின் பாரத்தைத் தாங்க விரும்பாத முதியோரும் இச்சந்தையிற் பின்னர்ச் சேர்ந்துகொண்டனர்.

பழைய உருவம் மலிவாக அமைவது ஏன்?

பழம்பாணி என்பது மேலே பூசிய வெறும் ஒப்பனை என்று சிலர் கருதுவர். பெரிய வண்டிகளைப் பொறுத்தவரை அக்கருத்திற் சிறிது உண்மை உண்டு. சிறு வண்டிகளின் நிலை வேறு. வலுக் குறைந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைக் குளிர்விக்க நீரும் அதற்குரிய தாங்கியும் குழாய்களும் வேண்டியதில்லை. ஓடும்போது வீசும் காற்றே போதும். காற்றினாற் குளிர்வதற்கு வரிவரியான வெளிப்பரப்பு வேண்டும். அவ்வரிகளே பழைய எஞ்சினின் அழகாகவும் அமைகின்றன. நவீன ஓட்டப்பந்தய வண்டியைப் போன்ற தோற்றத்துக்கு உடலை மூடும் பிளாஸ்ரிக் கவசங்கள் பல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விலையுயர்ந்த அச்சு வேண்டும். பழம்பாணி வண்டிக்கோ வளைத்த இரும்புக் குழாய்ச் சட்டமும், தகட்டுத் தாங்கியும், வட்ட விளக்கும் போதுமானவை. எனவே சிறு வண்டியிற் பழைய உருவமும் குறைந்த செலவும் இயல்பாகவே ஒன்றுசேர்கின்றன.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. எஞ்சினொன்றைப் புதிதாக வகுத்துச் சோதித்துச் செம்மையாக்குவதற்குப் பெரும்பொருள் வேண்டும். 1976 இல் வெளிவந்த ஹொண்டா சி. ஜீ. 125, பராமரிப்புக் குறைந்த நாடுகளிலும் நெடுங்காலம் உழைக்கவேண்டும் என்ற நோக்குடன் எளிமையாக வகுக்கப்பட்டது. 1982 இல் வந்த சுசுக்கி ஜீ. என். 125 உம் அத்தகைய எளிய வண்டியே. இவ்விரண்டின் அமைப்பும் சீனத் தொழிற்சாலைகளாற் பரவலாகத் தழுவப்பட்டு எண்ணற்ற வண்டிகளுக்கு அடிப்படையாயிற்று. சொங்சிங் நகரம் மோட்டார்ச் சைக்கிள் உற்பத்தியின் பெருந்தலமாக வளர்ந்தது. ஆகவே பிரித்தானிய இறக்குமதியாளர் புதிய எஞ்சினை வகுக்கவேண்டிய தேவையில்லை. பல்லாண்டு பழகிய எஞ்சினைத் தெரிந்து, தாம் விரும்பும் தாங்கியையும் இருக்கையையும் நிறத்தையும் கூறிச் செய்விக்கலாம். பேர்மிங்காமில் தோன்றிய மட் என்னும் நிறுவனத்தின் 125 வண்டிகள், சுசுக்கி அமைப்பைத் தழுவிய எஞ்சினோடு சீனாவிற் செய்விக்கப்பட்டவையே.

பெயர்ச்சியின் மூவகை

தொழிற்பொருளொன்று நாடுவிட்டு நாடு பெயரும் முறையை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, பெயரின்றி அமைப்பு மாத்திரம் பெயர்தல். மேற்கூறிய எஞ்சின்களின் கதை இவ்வகையினது. இது சீனரோடு தொடங்கியதன்று. பிரித்தானியர் பெருமையோடு நினைவுகூரும் பான்டம் வண்டியே ஜேர்மனியரின் டி. கே. டபிள்யூ. ஆர். ரி. 125 என்னும் வண்டியின் பிரதியாகும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் இழப்பீடாகப் பெற்ற வரைபடங்களைக் கொண்டே பி. எஸ். ஏ. அதனைச் செய்தது. அதே ஜேர்மன் வண்டியைத் தழுவி அமெரிக்காவில் ஹாலி டேவிட்சனும் சோவியத் நாட்டுத் தொழிற்சாலையும் சிறு வண்டிகள் செய்தன. 1955 இல் யமஹா வெளியிட்ட முதல் மோட்டார்ச் சைக்கிளும் அதன் வழிவந்ததே. எனவே பிரதி செய்தல் இழிவு என்று சீனரை மாத்திரம் பழித்தல் வரலாற்றை அறியாமையாகும். பிரதியிலே தொடங்கி அதனோடு அமைந்துவிடுவதா, அதிலிருந்து கற்று மேற்செல்வதா என்பதே வினா. யமஹா கற்று மேற்சென்றது.

இரண்டாவது, தொழிலின்றிப் பெயர் மாத்திரம் பெயர்தல். 1909 இல் ஸ்ரீவன்ஸ் சகோதரர் வூல்வஹம்ரனில் தொடங்கிய ஏ. ஜே. எஸ். என்னும் பெயர் பின்னாளிற் சீனாவிற் செய்த 125 வண்டிகளின் தாங்கிகளிற் பொறிக்கப்பட்டது. இலண்டனின் ஒரு பகுதியான பிரிக்ஸ்ரன் என்னும் பெயரை ஒஸ்திரிய நாட்டுக் குழுமமொன்று தன் பழம்பாணி வண்டிகளுக்குச் சூட்டியது. அவற்றுள் ஒன்றுக்குக் குரொம்வெல் என்றும் பெயரிட்டது. அவ்வண்டிகள் செய்யப்பட்டதோ சீனாவில். எல்லாவற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு பான்டம் என்னும் பெயரே. பி. எஸ். ஏ. என்னும் பெயரை 2016 இல் இந்திய மஹிந்திரா குழுமம் வாங்கிற்று. 2025 இல் பான்டம் 350 என்னும் வண்டி 3,499 பவுண் விலையிற் பிரித்தானியச் சந்தைக்கு வந்தது. அதன் எஞ்சின் 334 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது, நான்கு அடிப்பு முறையில் இயங்கி நீரினாற் குளிர்வது, இந்தியாவிற் செய்யப்படுவது. பழைய பான்டத்துக்கும் அதற்கும் பெயரன்றி வேறு உறவில்லை. 1948 இல் ஜேர்மன் அமைப்புக்குப் பிரித்தானியப் பெயர் வந்தது. 2025 இல் அப்பிரித்தானியப் பெயர் இந்திய அமைப்புக்கு வந்தது. புதிய வண்டி தன்னளவில் நல்ல வண்டியாக இருக்கலாம். எனினும் அதன் நன்மைக்குப் பெயர் சான்றாகாது.

மூன்றாவது, தொழிலே பெயர்தல். இதற்குச் சென்னையின் வரலாறு சான்று. 1950 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இந்திய அரசு தன் படைக்காக றோயல் என்பீல்ட் புல்லட் வண்டிகளை ரெடிச்சிலிருந்து வரவழைத்தது. 1955 இல் மெட்ராஸ் மோட்டர்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து என்பீல்ட் இந்தியா தொடங்கப்பட்டது. முதலில் உறுப்புக்களைக் கொணர்ந்து பொருத்தும் வேலையே நடைபெற்றது. பின்னர் உறுப்புக்களைச் செய்யும் கருவிகளும் அச்சுக்களும் சென்னைக்கு வந்தன. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வண்டி முழுவதும் உருவாகத் தொடங்கிற்று. ரெடிச்சுத் தொழிற்சாலை மூடப்பட்ட பின்பும் திருவொற்றியூரிற் புல்லட் இடையறாது உற்பத்தியாயிற்று. 1977 இல் அது பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாயிற்று. அப்பொழுது அதனைப் பழம்பாணி வண்டி என்று கூறுதல் முற்றும் பொருந்தாது. அது பழமையைப் போலி செய்த வண்டியன்று. பழமை முடிவுறாது தொடர்ந்த வண்டி. றோயல் என்பீல்ட் என்னும் முழுப்பெயர் 1990 ஆம் ஆண்டுகளிலேயே அந்நிறுவனத்தைச் சேர்ந்தது. தொழில் முன்னே சென்றது. பெயர் பின்னே வந்தது.

1994 இல் ஐஷர் குழுமத்தின்கீழ் வந்த இந்நிறுவனம் 2013 இல் ஒரகடத்திற் புதிய தொழிற்சாலையைத் திறந்தது. பின்னர் இங்கிலாந்தின் லெஸ்ரர்சயரில் தொழில்நுட்ப நிலையமொன்றையும் நிறுவிற்று. சென்னைப் பொறியியலாளரும் அந்நிலையத்தாரும் சேர்ந்து வகுத்த 350 எஞ்சினைக் கொண்டு 2022 இல் வெளிவந்த ஹன்ரர் வண்டி பிரித்தானியாவில் நாலாயிரம் பவுணுக்கு உட்பட்ட விலையில் அறிமுகமாயிற்று. அஃது ஏறத்தாழ இருபது குதிரைவலுவுடையதாதலின் பயிலுநருக்கு உரியதன்று. அடுத்த படியிற் தேர்வு பெற்றோர்க்கு உரியது. 2023 இல் திரயம்ப் நிறுவனமும் தன் சிறு வண்டியான ஸ்பீட் 400 ஐ இந்தியாவின் பஜாஜ் தொழிற்சாலையிற் செய்வித்து 4,995 பவுணுக்கு விற்கத் தொடங்கிற்று. ஒரு காலத்திற் சென்னைக்குக் கற்பித்த நாடு இப்பொழுது இந்தியாவிற் செய்விக்கின்றது.

வாங்குவோர் நோக்கவேண்டியவை

இவ்வேறுபாடு வாங்குவோனின் பணப்பையையும் நேரே தொடுவதொன்று. கடையில் நிற்கும் இரு வண்டிகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். மூன்றாம் ஆண்டிலேதான் வேறுபாடு புலப்படும்.

சட்டம் இதில் ஒரு பகுதியை ஏற்கெனவே தீர்த்துவிட்டது. ஐரோப்பாவின் நான்காம் கட்டப் புகைக் கட்டுப்பாடு 2016 இல் புதிதாக வகுக்கும் வண்டிகளுக்கும் 2017 இல் விற்பனைக்கு வரும் புதிய வண்டிகள் யாவற்றுக்கும் விதியாயிற்று. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் கட்டம் வந்தது. பழைய காபுரேற்றர் நீங்கி, மின்கருவியாற் பெற்றோலை அளந்து பீச்சும் முறை அதனிடத்தைப் பெற்றது. 125 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சில்லு இறுகாது காக்கும் தடுப்பு முறையும், அதற்குட்பட்டவற்றுக்கு அதுவோ முன்பின் தடுப்புக்களை இணைக்கும் முறையோ கட்டாயமாயின. எனவே இன்றைய பழம்பாணி வண்டியின் உருவம் பழையதாயினும் உள்ளே இருப்பன பழையனவல்ல. இது பாதுகாப்புக்கும் காற்றின் தூய்மைக்கும் நன்மை. எனினும் வீட்டு முற்றத்தில் வைத்துச் சாவியும் திருகியும் கொண்டு திருத்திய பழைய காலத்து எளிமை ஓரளவு போய்விட்டது. உணர்கருவியொன்று பழுதானால் அதற்குரிய உறுப்பு வந்தேயாகவேண்டும்.

உறுப்பு எங்கிருந்து வரும் என்பதே இறுதி வினா. உறுப்புச் செய்பவன் ஒரு நாட்டிலும், பெயருக்கு உடையவன் வேறொரு நாட்டிலும், விற்பவன் பிறிதொரு நாட்டிலும் இருப்பின், விற்பவன் தொழிலை விட்டதும் வண்டி அனாதையாகின்றது. அடிப்படை எஞ்சின் பலரும் பயன்படுத்தும் பொது அமைப்பினதாயின் அதன் உறுப்பை வேறிடத்திற் பெறலாம். தாங்கி, விளக்கு, மின்கருவி என்பவற்றுக்கு அவ்வசதி இல்லை. பிரித்தானிய மாரிகாலத்திற் பனியை உருக்கத் தெருக்களில் உப்பு இடுவர். அவ்வுப்பு மெல்லிய முலாமை அரித்துக் கம்பிகளையும் திருகாணிகளையும் துருவேற்றும். முலாமின் தடிப்பு, கம்பியின் தரம், அயலில் விற்பனை நிலையம் உண்டா என்பது, அந்நிறுவனம் அதே எஞ்சினை எத்தனை ஆண்டுகளாகச் செய்கின்றது என்பது ஆகியவற்றை விசாரித்தல் தாங்கியின் பெயரைப் படிப்பதினும் பயனுள்ளது. முதல் விலை குறைந்த வண்டியே மலிவான வண்டி என்று கொள்ளல் தவறு. ஐந்து ஆண்டுகள் ஓடி, விற்கும்போதும் விலை பெறுவதே உண்மையில் மலிவானது.

நமது நாட்டார்க்கு இவ்வுண்மை புதியதன்று. 1990 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடுக்கப்பட்டிருந்த காலத்திற் பழைய சிறு ஹொண்டா வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றை ஓடச்செய்தது எஞ்சினின் எளிமையும் அதனை அறிந்த நம்மவர் கைத்திறனுமேயன்றிப் பெயரன்று. 2020 மார்ச்சு முதல் 2025 பெப்ரவரி வரை இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோதும் இருந்த வண்டிகளை உயிரோடு வைத்திருந்தது அக்கைத்திறனே.

முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது ஒன்று. உருவத்தை எவரும் வரையலாம். பெயரை எவரும் வாங்கலாம். தொழிலோ அதனை நாள்தோறும் செய்பவரிடத்திலேதான் நிலைபெறும். சிறு வண்டி செய்தலைச் சிறுமை என்று கைவிட்ட நாடு பெரிய வண்டித் தொழிலிலும் பெரும்பகுதியை இழந்தது. உறுப்புக்களைப் பொருத்துவதிலே தொடங்கிய சென்னை, கருவிகளையும் அச்சுக்களையும் பெற்று, அவற்றைக் கையாளும் திறனையும் பெற்று, பழைய ஆசிரியனுக்கே பொருள் விற்கும் நிலையை எய்திற்று. இறக்குமதியாகும் அழகிய பொருளைக் காணும் மாணவர் அதன் விலையை மாத்திரம் வினாவாது, இதனைச் செய்தவர் யார், அவர் அதனை எங்கே கற்றார் என்றும் வினாவுவாராக. வாணிகத்தை ஆராய்வதற்கு அதனினும் நல்ல தொடக்கம் பிறிதில்லை.